மேட்டூர் திறக்கும் முன் வாய்க்காலை அளப்போம்!



தஞ்சை, திருவையாறு, பாபநாசம், கும்பகோணம், ஒரத்தநாடு வட்டாரத்து விவசாயிகளே, விவசாயத் தொழிலாளர்களே, குத்தகைதாரர்களே, ஊர் விளிம்பில் எழும்பிய புது நகர்களில் குடியிருக்கும் பெருமக்களே!

சம்பா அறுத்தாயிற்று. வயலில் உளுந்தும் பயறும் கிடக்கின்றன. ஆற்றில் தண்ணீர் இல்லை. மனை வியாபாரம் இந்த மாதங்களுக்காகத்தான் காத்திருக்கிறது. ஈர வயலில் லாரி இறங்காது, காய்ந்த வயலில் இறங்கும். முதலில் நாலு மூலையிலும் கலர் கொடி நடுவார்கள். பிறகு ஜேசிபி வந்து வரப்பைத் தட்டும். செம்மண் கொட்டுவார்கள். வெள்ளையடித்த கல்லும் முகப்பில் ஒரு சிமெண்ட் வளைவும் வரும். வளைவின் மேல் ஏதோ ஒரு ‘நகர்’. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை கடந்து, நம் ஊர் மதகைத் தூக்கும் நாளில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் ஓடிய இடத்தில் தார்ச்சாலை கிடக்கும்.

அன்று கூடி நின்று கத்திப் பயன் இல்லை. பத்திரம் பதிந்திருக்கும், கல் நட்டிருக்கும், வங்கிக் கடனில் மனை வாங்கிய ஒரு நடுத்தரக் குடும்பம் நம் எதிரே நிற்கும். அந்தக் குடும்பத்தோடு நமக்கு என்ன சண்டை? சண்டை போட வேண்டிய காலம் இது, இந்தக் கோடை. ஆகவேதான் இந்த அறைகூவல்.

ஒரு வயல் போனால் ஒரு வாய்க்கால் போகும்

டெல்டாவில் தனி வயல் என்று ஒன்று கிடையாது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து கண்ணி வாய்க்கால் என்று வந்து, கடைசியில் மேல்வயலின் வாமடை வழியாகத்தான் கீழ்வயலுக்குப் பாய்ச்சல். வந்த தண்ணீர் வடிவதற்கும் அப்படியே ஒரு வழி உண்டு. என் வயலில் வடிந்தது அடுத்தவருக்குப் பாசனம். அவர் வயலில் வடிந்தது வடிகாலில் சேர்ந்து அடுத்த ஊருக்குப் போகும். பாயும் வழியும் வடியும் வழியும் சேர்ந்ததுதான் நஞ்சை.

நடுவில் மூன்று மா நிலம் மனையாகிறது என்று வையுங்கள். ரோட்டு மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்துகிறார்கள். கண்ணி வாய்க்கால் மண்ணுக்குள் போகிறது. கேட்டால் குழாய் போட்டுத் தருகிறோம் என்பார்கள். குழாய் போட்ட வருடமே அடைத்துக்கொள்ளும். குறுவைக்குத் தண்ணீர் விடும்போது மனைக்குக் கீழே உள்ள பத்து மா காய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மனைக்கு மேலே உள்ள பத்து மா வடிய வழியில்லாமல் மூழ்குகிறது. நட்ட சம்பா அழுகுகிறது. இரண்டு வருடம் நஷ்டப்பட்ட அந்த இருபது மாக்காரர்களிடம் மூன்றாம் வருடம் அதே தரகர் வருகிறார். “இனிமேல் இதில் என்ன விளையப்போகிறது? கொடுத்துவிடுங்கள்” என்கிறார். மூன்று மாவில் மனை போட்டவர் ஒரு வேலி நிலத்துக்கு அச்சாரம் போட்டுவிட்டார்.

என் நிலம், என் பட்டா, என் இஷ்டம் என்ற வாதம் இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான். விற்பது அவர் உரிமை. அடுத்தவருக்குப் போகும் தண்ணீரைச் சேர்த்து விற்க அவருக்கு உரிமை இல்லை.

புது நகர்களில் குடியிருக்கும் தோழர்களே, இது உங்கள் வழக்கும்கூட. மழைக்காலத்தில் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதும், மோட்டார் வாடகைக்கு எடுத்து இறைப்பதும், குழந்தைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதும் எதனால்? உங்களுக்கு மனை விற்றவர் வடிகாலை மூடிவிட்டு விற்றார். 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியபோது சென்னை கற்ற பாடத்தை நம் ஊர் தன் காசைக் கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

தண்ணீரை வாங்கினோம், நிலத்தை விடுகிறோம்

காவிரிக்காக நாம் நடத்திய போராட்டத்துக்கு நூறு வயது. 1924 ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம், 1991-இல் இடைக்காலத் தீர்ப்பு, 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று படியேறிப் படியேறி 177.25 டிஎம்சி நம் பங்காக எழுதப்பட்டிருக்கிறது. அதையும் ஒவ்வொரு வருடமும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்குகிறோம். ரயில் மறித்திருக்கிறோம், சிறை போயிருக்கிறோம். அந்தத் தண்ணீர் வந்து பாயவேண்டிய நிலம் சென்ட் கணக்கில் கைமாறுகிறது. நாளைக்கு அடுத்த தீர்ப்பாயத்தில் ‘உங்கள் பாசனப் பரப்பு எவ்வளவு?’ என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

நிலத்தின் அடியைத் தோண்ட வந்தவர்களை நாம் விரட்டியிருக்கிறோம். மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில், அந்தப் பயணத்திலேயே உயிர் விட்டார். 2017-இல் எண்ணெய்க் குழாய்களுக்கு எதிராகக் கதிராமங்கலம் எழுந்து நின்றது. 2023-இல் ஒரத்தநாடு பக்கம் வடசேரி உள்ளிட்ட இடங்களை நிலக்கரி ஏலப் பட்டியலில் மைய அரசு சேர்த்தது. செய்தி வெளியான சில நாள்களிலேயே டெல்டா கொதித்தது, கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்ப்பு எழுந்தது, ஏப்ரல் 8 அன்று அந்த இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒன்றுபட்டு நின்றால் டெல்லியே இறங்கி வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் மீத்தேனுக்கு எதிராகக் கூடிய அதே ஊரில், மேலத்தெரு வயலில் கல் நட்டபோது யாரும் கூடவில்லை. ஆழ்துளைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் எதிரி. மனைக்கல் சத்தமில்லாமல் வருகிறது, நமக்குத் தெரிந்தவர் மூலமாகவே வருகிறது. விற்பவர் நம் பங்காளி, தரகர் நம் மைத்துனர், வாங்குபவர் நம் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆகவே வாய் திறக்கக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்துக்கு ஊர் கொடுக்கும் விலை அதிகம்.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே, பிறகு எப்படி மனை போடுகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் தடைப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். துத்தநாக உருக்காலை, தாமிர உருக்காலை, அலுமினிய உருக்காலை, இரும்பு ஆலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில், எண்ணெய், எரிவாயு எடுப்பது எல்லாம் அதில் உண்டு. வீட்டுமனை இல்லை. கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் நடுவில் தாமிர உருக்காலை வைக்கப்போவதாக யாரும் சொல்லவில்லை. வருவது மனைப்பிரிவு. அதைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை.

சாலையும் இப்படித்தான் வருகிறது. 2022-இல் திருவையாறு புறவழிச்சாலைக்காக, விளைந்துகொண்டிருந்த நெற்பயிரின் மேல் மண் கொட்டப்பட்டதையும் விவசாயிகள் வயலில் இறங்கி மறித்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். சாலைக்கு எடுக்கும் நிலத்தோடு கதை முடிவதில்லை. சாலையின் இரண்டு பக்கமும் ‘பைபாஸ் அருகில்’ என்ற விளம்பரப் பலகை முளைக்கும்போதுதான் அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது.

ஆனாலும் நம் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று உத்தரவிட்டது. ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கின் பலன் அது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி, திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டம் எதுவானாலும் மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையமான ரேராவில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. இருபது வருடம் தடையில்லாமல் அனுபவித்த வாய்க்கால் பாத்தியதையை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது, அந்த வாய்க்கால் அடுத்தவர் பட்டாவுக்குள் ஓடினாலும் சரி.

இந்தக் கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். பெரிய வாய்க்கால் புறம்போக்கு என்று அரசுப் பதிவேட்டில் இருக்கும். கண்ணி வாய்க்கால் பெரும்பாலும் பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது. புலப்படத்தில் அதற்குக் கோடு இருக்காது. ஆண்டாண்டுக் காலமாகத் தண்ணீர் போன வழி, காகிதத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால் ‘அங்கே வாய்க்காலே இல்லை’ என்று அறிக்கை எழுத முடிகிறது. சண்டையின் மையம் இங்கேதான் இருக்கிறது. காகிதத்தில் இல்லாத வாய்க்காலைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும்.

அவர்கள் கேட்பார்கள், நாம் சொல்வோம்

‘ஊர் வளர வேண்டாமா? மக்களுக்கு வீடு வேண்டாமா?’

வேண்டும். வீட்டுக்காக இந்த மண்ணில் நம்மைவிட அதிகம் போராடியவர் யார்? பண்ணையார் மனையில் குடிசை போட்டு, எப்போது காலி செய்யச் சொல்வாரோ என்று நடுங்கிக் கிடந்த குடும்பங்களுக்கு 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது கீழத்தஞ்சையின் செங்கொடிப் போராட்டங்களால். வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த மண் இது. இன்றும் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் பட்டா இல்லாமல் இருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனை! வாங்கிப் போட்டு, விலை ஏறியதும் விற்கிற மனையில் அவர்களுக்கு ஒரு சென்ட் கிடைக்குமா? புல் முளைத்துக் கிடக்கும் மனைப்பிரிவுகளை எண்ணிப் பாருங்கள். வீடு இல்லாதவருக்கு வீடு என்பது நம் கோரிக்கை. காலி மனைக்குக் காவல் கம்பி போடுவது வியாபாரம். இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க விடாதீர்கள்.

‘எங்கே கட்டுவது?’

தஞ்சைக்குத் தெற்கிலும் மேற்கிலும் வல்லத்துப் பக்கம் செம்மண் மேடு இருக்கிறது. ஆற்றுப் பாய்ச்சல் ஏறாத நிலம், தண்ணீர் தேங்காத நிலம். நகரம் அந்தப் பக்கம் வளரட்டும், பேருந்தும் குடிநீரும் அங்கே போகட்டும். வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் பாயும் வண்டலின் மேல் கான்கிரீட் போடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. வண்டலை மறுபடி உண்டாக்க யாராலும் முடியாது.

‘விவசாயி கட்டுப்படியாகாமல் விற்கிறான். நீங்கள் யார் தடுக்க?’

இந்தக் கேள்விக்குத் தலை குனிந்துதான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக என்ன மிஞ்சும்? மிஞ்சியதையும் கையில் வாங்க முடிகிறதா? 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து, மழையில் நனைந்து முளைத்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று தள்ளினார்கள். அப்படி நிற்கிற மனிதரிடம் மகள் கல்யாணத்துக்கு முன் ஒருவர் வந்து லட்சங்களைக் காட்டினால் அவர் கையெழுத்துப் போடுவார். அவரை நாம் வையக் கூடாது. நெல் விலைக்கும் கொள்முதலுக்கும் நடக்கும் போராட்டமும் மனைக்கு எதிரான போராட்டமும் ஒன்றே என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வயலைக் காப்பதற்கு முதல் வழி வயலில் வருமானம் வருவது.

குத்தகைதாரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயர் குத்தகைப் பதிவேட்டில் இல்லையென்றால், மனை விழும் நாளில் நீங்கள் அங்கே உழுததற்கே சாட்சி கிடையாது. பதிவு செய்யுங்கள். கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தது

கேரளம் 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. நெல்வயலை நிரப்புவதைத் தடை செய்து, ஊருக்கு ஊர் கண்காணிப்புக் குழு அமைத்து, அதில் விவசாயிகளையும் உட்கார வைத்தது. எந்த நிலம் நெல்வயல் என்பதற்குத் தனித் தரவுப் பட்டியல் வைத்தது. அதே சட்டம் வேறு வீடில்லாத வயல்காரர் தனக்கு வீடு கட்டிக்கொள்ள ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை வழி விட்டிருக்கிறது. 2018 திருத்தத்தில் அங்கேயும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். சட்டம் வந்த பிறகும் காவல் வேண்டும் என்பது அதில் நமக்குப் பாடம். இலங்கையில் 2000-ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நெற்காணியை நிரப்பக் கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். பஞ்சாபில் ஊர்க் குளத்தை நிரப்பி வீடு கட்டியவர்களை வெளியேற்றச் சொல்லி 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்ப் பொதுநிலத்தை மீட்கத் திட்டம் போடும்படி எல்லா மாநிலங்களுக்கும் அதில் உத்தரவிட்டது. நெல்லுக்குப் பெயர் போன தஞ்சைக்கு நெல்வயலைக் காக்க ஒரு சட்டம் இல்லை என்றால் அது வெட்கக்கேடு.

நம் கோரிக்கைகள்

1. வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில், ஆற்றுப் பாசன நஞ்சையில் மனைப்பிரிவு போடுவதையும் சேர்க்க வேண்டும்.

2. கண்ணி வாய்க்கால் உட்பட எல்லாப் பாசன, வடிகால் வழிகளையும் அளந்து, புலப்படத்திலும் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். அது முடியும்வரை நஞ்சையில் நிலப் பயன் மாற்றத்துக்கு இசைவு தரக் கூடாது.

3. மனை அனுமதிக்கு முன், அந்த வாய்க்காலில் பாசனம் பெறும் எல்லா விவசாயிகளையும் கேட்க வேண்டும். கிராம சபையில் வைக்க வேண்டும்.

4. நிலமற்ற தொழிலாளர் குடும்பங்களுக்கு மேட்டு நிலத்தில் மனைப்பட்டாவும் வீடும் தர வேண்டும்.

5. கொள்முதல் நிலையங்களை அறுவடைக்கு முன்பே திறந்து, வந்த நெல்லை அன்றன்றே எடுக்க வேண்டும்.

ஜூன் 12-க்குள் செய்ய வேண்டியவை

முதல் வேலை, வாய்க்கால் நடை. ஒவ்வொரு ஊரிலும் பாசன முறை வைத்த பெரியவர் ஒருவர், செல்போன் பிடிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், நடவு வேலை பார்க்கும் பெண்கள் இருவர் சேருங்கள். தண்ணீர் எந்த மதகில் பிரிந்து, எந்த வரப்பு வழியாகப் போகிறது என்று பெண்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. மதகிலிருந்து கடைமடை வரை நடந்து, சர்வே எண் வாரியாகக் குறித்து, படம் எடுத்து, பாசனம் பெறுகிறவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். நீர்வளத் துறையின் பாசனப் பணியாளரான லஸ்கரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தண்ணீர் இல்லாத இப்போதுதான் தரை தெரியும்.

இரண்டாவது, மார்ச் 22, மே 1 கிராம சபைகள். நடந்து குறித்த பட்டியலைத் தீர்மானமாக ஏற்றுங்கள். தஞ்சை மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. அப்படி இருக்கும்போது கிராம சபை ஒன்றுதான் ஊரின் வாய். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராமம் சபைக்குச் சபை தீர்மானம் போட்டு வந்திருக்கிறது. அந்த விடாப்பிடி நமக்கும் வேண்டும். ஊராட்சியை நகரத்தோடு இணைக்கும் பேச்சு எங்கே வந்தாலும் கவனியுங்கள். இணைந்த மறுநாள் வரி ஏறும், ஊரக வேலைத் திட்டம் போகும், கிராம சபையும் போகும்.

மூன்றாவது, மே, ஜூன் மாத ஜமாபந்தி. அ-பதிவேடு, அடங்கல், புலப்படம் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். விளைந்த வயலைத் தரிசு என்று எழுதியிருந்தால் அங்கேயே ஆட்சேபம் கொடுங்கள். இரண்டு மூன்று வருடம் தரிசு என்று அடங்கலில் ஏறிவிட்டால், ‘இங்கே விவசாயமே இல்லை’ என்று சொல்லி மனை போட வழி திறந்துவிடும்.

நான்காவது, கொடி நட்ட அன்றே செயல்படுங்கள். அனுமதி எண் என்ன, ரேரா எண் என்ன, ஆட்சியர் இசைவு உண்டா, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும், மாதம் ஒரு முறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நாளிதழில் சிறு எழுத்தில் வரும் நிலப் பயன் மாற்ற அறிவிப்பை ஊருக்கு ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் கெடு உண்டு. கெடு தாண்டிய கண்ணீரை எந்த அலுவலகமும் பதிவு செய்யாது.

ஐந்தாவது, மனை பார்க்க வருகிறவர்களிடம் பேசுங்கள். அவர்களும் நம்மைப் போலச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள். இலவச வேனும் மதியச் சாப்பாடும் போட்டு அழைத்து வருகிறவர்கள் சொல்லாததை நாம் சொல்வோம்: இது வாய்க்கால், இது வடிகால், கார்த்திகையில் தண்ணீர் இதுவரை நிற்கும். கைகலப்பு வேண்டாம், மிரட்டல் வேண்டாம். உண்மையைச் சொன்னாலே பாதி மனை விற்காது.

தோழர்களே, மேட்டூர் திறக்கும் நாளை அரசு அறிவிக்கும். அந்தத் தண்ணீர் நம் வயலில் ஏறுமா என்பது இந்த மூன்று மாதத்தில் நாம் செய்யும் வேலையில் இருக்கிறது. சங்கம் எது, கட்சி எது, சாதி எது என்று பார்க்காமல், ஒரே வாய்க்காலில் பாசனம் பெறுகிறவர்கள் எல்லாரும் ஒரே குழுவாக நிற்க வேண்டும். இந்த வாரமே உங்கள் ஊரில் கூட்டம் போடுங்கள். அடுத்த ஞாயிறு காலையில் மண்வெட்டியும் அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு மதகடிக்கு வாருங்கள். ஒரு வாய்க்காலையும் விட மாட்டோம், வாருங்கள்!